பத்திரிகையில் போட்ட பி.ஏ.

கடலூர் முதுநகர் இ-சேவை மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். தங்கையின் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குப் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: குடும்பத்தில் ஏற்கெனவே பட்டதாரி உள்ளார். அந்தப் பட்டதாரி நான்தான். நான் பட்டதாரியே இல்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தங்கை என்னைப் பார்த்து, “அட, ஆமாங்க்கா. நீ பி.ஏ. இல்ல? எனக்குத் தோணவே இல்ல பாரேன்” என்றாள். அதோடு விட்டாளா? அந்தப் பெண்ணிடம் மன்னிப்பு வேறு கேட்டாள். “சாரி மேடம், எங்க அக்கா டிகிரி. தெரியாம போட்டுட்டோம்.”

எனக்கு உச்சி வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. விண்ணப்பத்தில் உடன்பிறந்தோர் கல்வி என்ற கட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு என்று போடவைத்ததே நான்தான், தங்கை வெளியே போட்டோ எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து. சத்தமில்லாமல் காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய புத்திசாலி!

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் யாரும் கல்லூரிப் பட்டம் வாங்காமலிருந்து, ஒரு பிள்ளை கவுன்சிலிங் வழியாகப் பொறியியல் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் கழித்துவிடும். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், ஒருத்தர்கூடப் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. தங்கை படித்தது உதவி பெறும் பள்ளி, அதனால் அந்தக் கதவும் சாத்தியாயிற்று. ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிற அப்பாவுக்கும், கூடையில் மீன் விற்கிற அம்மாவுக்கும் மிஞ்சியிருந்தது இந்த ஒரு சான்றிதழ்தான்.

இனி அந்தக் கண்றாவியைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை சிதம்பரம், டிப்ளமோ முடித்து மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை. பெண் டிகிரி படித்திருக்க வேண்டும் என்று அவர்கள் வீட்டில் சொன்னார்கள். நான் அப்போது தபாலில் பி.ஏ. வரலாறு மூன்றாம் வருடம். அண்ணாமலை நகர் பல்கலைக்கழகத்திலிருந்து கட்டுக் கட்டாகப் புத்தகம் வரும். நான் ராத்திரி பகலாகப் படித்தேன் என்றெல்லாம் பொய் சொல்லமாட்டேன். முடிந்தவரை படித்தேன். ஆங்கிலம் இரண்டாம் தாளில் தோற்றிருந்தேன். கடைசி வருடத்தில் ஒரு தேர்வு, முகூர்த்தப் புடவை எடுக்கப் பாண்டிச்சேரி கூட்டிக்கொண்டு போன அன்றைக்கே வந்தது. “பரீட்சைய அடுத்த தபா எழுதிக்கலாம். புடவை எடுக்க நல்ல நாள் திரும்ப வருமா?” என்றார் அப்பா. போனேன். அரக்குக் கலரில் ஒரு புடவை எடுத்தோம். அந்த இரண்டு தாளும் இன்றைக்கு வரை பாக்கி.

அச்சகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்தபோது என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று இருந்தது. “அப்பா, நான் இன்னும் முடிக்கலையே” என்றேன். “முடிக்கத்தானே போற? மாப்பிள்ளைக்கு டி.எம்.இ.ன்னு போட்டிருக்கு. உனக்கு மட்டும் மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்?” என்றார். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா? அந்த இரண்டெழுத்து இருந்த தாளைத் தனியாக எடுத்துவைத்துப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஊர் முகப்பில் கட்டிய பேனரிலும் அதுவே. ஒன்பது வருடமாக என் மாமியார் தெருவில் எந்த மனு எழுத வேண்டுமென்றாலும், “எங்க மருமவ பி.ஏ. அவகிட்ட குடு” என்று வாங்கிவந்து என் மடியில் போடுவார். நானும் எழுதிக்கொடுப்பேன், என்னமோ பெரிய கலெக்டர் மாதிரி.

தங்கைக்கு அப்போது எட்டு வயது. எனக்கும் அவளுக்கும் பதினான்கு வருட வித்தியாசம். அந்த பி.ஏ.வைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். அப்பா போட்டில் வைக்கிற ஜி.பி.எஸ். கருவியின் கையேட்டைப் படித்து, அதில் வலை கிழிக்கிற பாறை இருக்கும் இடங்களையெல்லாம் குறித்துக்கொடுத்ததே அவள்தான். அவளுக்கு எலக்ட்ரானிக்ஸ் வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

கல்லூரி தேடி நாங்கள் இரண்டு பேரும் அலைந்த அலைச்சல் எங்களுக்குத்தான் தெரியும். முதலில் எங்கள் ஊர் ஆள் ஒருவர், அப்பாவுக்கு மச்சான் முறை, வழவழவென்று ஒரு தனியார் கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தோடு வந்தார். “மார்க் ஷீட்டு, டி.சி. எல்லாத்தையும் எங்கிட்ட குடு மச்சான். கவுன்சிலிங்காவது ஒண்ணாவது. காலேஜ் பஸ்ஸு நம்ம ஊருக்குள்ளயே வருது.” அப்பாவுக்கு பஸ் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் கல்லூரியை அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த பஸ் ஊருக்குள் வருகிறதோ அந்தக் கல்லூரி. நான் அங்கே போன் போட்டுக் கேட்டேன். பஸ்ஸுக்குத் தனி, சீருடைக்குத் தனி, மத்தியானச் சாப்பாடு கட்டாயம், அதற்குத் தனி, ட்ரெயினிங் என்று எதற்கோ தனி. மூச்சு விடுவதற்கு மட்டும்தான் தனியாகக் கேட்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் ஆய்வகத்தில் கருவிகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தன. “இதெல்லாம் எப்பங்க பிரிப்பீங்க?” என்று தங்கை கேட்டாள். கூட்டிக்கொண்டு போனவர், “இன்ஸ்பெக்‌ஷன் வரும்போதும்மா” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைசியில் சிதம்பரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லூரி பார்த்தோம். வாசலில் வளைவும் இல்லை, நீரூற்றும் இல்லை. ஆனால் ஆய்வகத்தில் கருவிகளின் குமிழ்களெல்லாம் கைபட்டுக் கைபட்டு எழுத்து அழிந்திருந்தன. பிள்ளைகள் தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தங்கை ஒரு குமிழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது போதும்” என்றாள். காலையில் துறைமுகம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் போதும், மாதச் சீட்டு எடுத்துக்கொள்ளலாம், ஹாஸ்டல் வேண்டாம். கட்டணத்தையும் விசாரித்தேன். முதல் பட்டதாரிச் சலுகை கிடைத்தால் அப்பாவால் கட்ட முடியும். கிடைக்காவிட்டால் முடியாது. அவ்வளவுதான் கணக்கு, இதற்குப் பெரிய இன்ஜினியர் தேவையில்லை.

இ-சேவை மையத்திலிருந்து நேராகத் தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போனேன். வி.ஏ.ஓ. இளவயதுக்காரர், இந்த ஊருக்குப் புதிது. “நான் என்னம்மா பண்றது? ஊர்ல விசாரிச்சேன். உங்க வீட்டு மூத்த பொண்ணு டிகிரின்னு நம்ம தலையாரியே சொல்றாரு” என்றார். தலையாரி பக்கத்தில்தான் நின்றார். “நான்தான் சார் கல்யாணத்துக்குப் போனனே. பத்திரிகையிலயே போட்டிருந்திச்சே. நம்ம ஊர்ல முதல் டிகிரி படிச்ச பொண்ணு சார் அது” என்றார், முகமெல்லாம் பெருமையாக. அந்த மனுஷனைத் திட்டவும் முடியவில்லை.

வி.ஏ.ஓ. வழியைச் சொன்னார். நான் படிப்பை முடிக்கவில்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். கூடவே அப்பா தன் கைப்பட ஓர் உறுதிமொழி எழுதித் தரவேண்டும். “நான் எழுதித் தரேனே சார்” என்றேன். “நீங்க கல்யாணம் ஆகிப் போனவங்கம்மா. அப்ளை பண்ணியிருக்கிறது உங்க அப்பா வீடு. அவருதான் எழுதணும்.” கவுன்சிலிங்குக்குச் சான்றிதழ் ஏற்ற இன்னும் ஆறே நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. “ஊரக் கூட்டி, எம் பொண்ணு ஃபெயிலுன்னு நான் எழுதிக் குடுக்கணுமா?”

“ஆமா.”

“உங்க மாமியா வீட்டுக்குத் தெரிஞ்சா?”

“தெரியட்டும்.”

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். “இன்னாத்துக்கும்மா இவ்ளோ ரகளை? அவளுக்கும் தபால்ல ஒரு பி.ஏ. போட்டு வுட்டுடலாம். உனக்கு நடந்த மாதிரி அவளுக்கும் நல்லபடியா நடந்துட்டுப் போவுது.”

என் வாழ்க்கையில் அப்படியொரு கோபம் எனக்கு வந்ததில்லை. உள்ளே தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லபடியா நடந்ததாம்! “அப்பா, நான் பாஸே பண்ணல. நீ போட்டது பொய்யி. அத மறைச்சு மறைச்சு நான் ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்துறேன். அவளையும் அதே பள்ளத்துல தள்ளலாம்னு பாக்கறியா?” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா வாசல் கதவைச் சாத்தினார். சத்தம் வெளியே போகக் கூடாதாம். அதைப் பார்த்து இன்னும் கத்தினேன். தங்கை வெளியே வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நீ பி.ஏ. இல்லையா அக்கா?” என்றாள். “இல்லடி” என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். அந்த வலி இன்னும் போகவில்லை.

மறுநாள் அண்ணாமலை நகர். ஒன்பது வருடமாக அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தும் அந்த வாசலுக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. கவுன்ட்டரில் இருந்த அம்மா பதிவெண்ணைப் பார்த்து, “என்ன சர்டிபிகேட் வேணும்?” என்றார். “நான் பாஸ் பண்ணலன்னு சர்டிபிகேட் வேணும்” என்றேன். கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் அப்படியொன்றைக் கேட்டு வந்தவர்களைப் பார்த்திருக்க மாட்டார். விஷயத்தைச் சொன்னேன். பாவம், நல்ல மனுஷி. தேடி எடுத்து, எந்த அறையில் கையெழுத்து வாங்கவேண்டும் என்று எழுதியே கொடுத்தார். கடைசியில், “ரெண்டே பேப்பர்தானேம்மா. ஸ்பெஷல் சான்ஸ் ஏதாவது வந்தா எழுதிடுங்க” என்றார். எழுதலாம். எழுதித் தேறினால் வீட்டில் ஒரு பட்டதாரி வந்துவிடுவாள். அப்புறம் தங்கையின் சலுகைக்கு எவனாவது வந்து கேள்வி கேட்டால்? அவள் முடிக்கிற வரைக்கும் நான் தேறாமல்தான் இருக்கவேண்டும் என்று வெளியே வந்து ஒரு மரத்தடியில் நின்றபோதுதான் புரிந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கடிதத்தோடு வீட்டுக்கு வந்து, கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. கணவர், “ஃபீஸ நானே கட்டித் தொலைக்கிறேன். எதுக்கு இத வெளிய சொல்லி அசிங்கப்படணும்?” என்றார். பைக்குக்குத் தவணை கட்டவே மாதாமாதம் முழி பிதுங்குகிற மனுஷர்! என் பொய்யைக் காப்பாற்றக் கடன் வாங்கவும் தயார், ஒரு கையெழுத்தில் தீர்க்கத் தயாரில்லை.

மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, “பி.ஏ.ன்னுதான்டி ரெண்டு பவுனு கம்மியா கேட்டோம்” என்றார். எனக்கு யார் மேலெல்லாம் கோபம் வந்ததோ அத்தனை பேரிலும் அவர் ஒருத்தரை மட்டும் தப்பு சொல்ல முடியவில்லை. ஏமாற்றப்பட்டவர் அவர்தான். “மன்னிச்சிடுங்க அத்தே” என்றேன். குழம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்துபோனார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கெடுவுக்கு முந்தின நாள் அம்மா எப்படியோ அப்பாவை வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குக் கிளப்பி அனுப்பிவிட்டார். அலுவலகத்தில் நல்ல கூட்டம்; பட்டாவுக்கு வந்தவர்கள், சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்கள், அப்பாவோடு கடலுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். தங்கை வெளியே ஸ்கூட்டி பக்கத்தில் நின்றாள். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள். வி.ஏ.ஓ. கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் வெள்ளைத் தாளை நீட்டினார். அப்பா தன் பெயர், அவருடைய அப்பா பெயர், விலாசம் எல்லாம் எழுதினார். என் பெயரையும் எழுதினார். அங்கே பேனா நின்றுவிட்டது.

“சார், ‘ரிசல்ட் வரலை’ன்னு எழுதலாங்களா?”

“பட்டம் பெறவில்லைன்னு எழுதுங்கய்யா. அதான் வேணும்.”

அப்பா தலையாரியைப் பார்த்தார். அப்புறம் அந்த இரண்டு பேரையும் பார்த்தார். பேனாவை மேசை மேல் வைத்துவிட்டு, “நாளைக்கு வரேன் சார்” என்று எழுந்தார். நாளைக்கு விடியற்காலையில் போட் எடுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விடுவார், சாயங்காலம் வரைக்கும் கையில் சிக்கமாட்டார். எனக்குத் தெரியாதா?

நான் எழுந்து நின்றேன். வாசல் நிலையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “எல்லாரும் கேட்டுக்குங்க. என் கல்யாணப் பத்திரிகையில பி.ஏ.ன்னு போட்டது பொய். நான் பாஸ் பண்ணல. ரெண்டு பேப்பர் பாக்கி. ஒன்பது வருஷமா ஊரை ஏமாத்திட்டோம். போதுமா? இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுப்பா. இனிமே மறைக்க ஒண்ணுமில்ல. எழுது.”

ஊர் என்னைக் காறித் துப்பும் என்று எதிர்பார்த்தேன். வரிசையில் பட்டா நகலோடு நின்ற ஓர் அம்மா, “அதுக்கு ஏம்மா இந்தக் கத்து கத்துற? காது அடைக்குது” என்றார். அப்பாவின் கூட்டாளி ஒருவர், “எங்க அண்ணன் மருமவளுக்கும் எம்.காம்.னுதான் போட்டாங்க. அது பத்தாங்கிளாஸு” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். தலையாரி மட்டும் கொஞ்சம் முகம் வாடி நின்றார். அவ்வளவுதான். அடுத்த ஆள் தன் மனுவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இதற்காகத்தானா? இந்த இரண்டு சிரிப்புக்குப் பயந்துதானா நான் ஒன்பது வருடம் ஒவ்வொரு மனுவையும் பி.ஏ. வேஷம் போட்டு எழுதினேன்? இதற்காகத்தானா ஒரு பிள்ளையின் படிப்பையே தூக்கிப் போடப் பார்த்தார்கள்? திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். யாருக்குமே ஒரு பொருட்டில்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

அப்பா உட்கார்ந்தார். எழுதினார். ‘பட்டம் பெறவில்லை’ என்பதை எழுதி முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. கையெழுத்தும் போட்டார். வி.ஏ.ஓ. தாளை வாங்கிப் பார்த்து, மேலே அனுப்பிவிடுகிறேன், ஆர்.ஐ.யிடம் போனில் சொல்கிறேன், நாளைக்கே வந்துவிடும் என்றார். வந்தது. மதியத்துக்குள் ஏற்றிவிட்டோம். தங்கை அந்தக் கல்லூரியை முதல் விருப்பமாகப் போட்டாள். கிடைத்தது.

ஆனால் அதெல்லாம் அப்புறம். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அப்பா என்னைப் பார்க்காமல் படியிறங்கி, துறைமுகம் பக்கம் நடந்தார். நான் ஸ்கூட்டி நின்ற இடத்துக்கு வந்தேன். உள்ளே நான் கத்தியது தங்கைக்கும் கேட்டிருக்கிறது, கண்ணெல்லாம் சிவந்திருந்தாள்.

“போட்டுட்டாரா?”

“போட்டுட்டாரு.”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நாலு வருஷத்துல நான் ஒரு அரியர்கூட வெக்க மாட்டேங்க்கா. சத்தியமா.”

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. “வை” என்றேன். “யாரு வேணாம்னா? நாலு வை, அஞ்சு வை. வெச்சா வெச்சேன்னு எங்கிட்ட வந்து சொல்லு. பாஸுன்னு மட்டும் சொல்லாத.”